நிற்கத் தெரிந்த கதிர்

1943-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சிலர் ஓர் இயந்திரம் கேட்டு வந்தார்கள். அணுத்துகள்களைச் சுழற்றிச் சுழற்றி வேகமேற்றும் சைக்ளோட்ரான் அது. எதற்கு என்று கேட்டபோது, ராணுவத்தினரின் மருத்துவச் சிகிச்சைக்கு என்று பதில் வந்தது. ஹார்வர்டுக்காரர்கள் அதை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் கொடுத்துவிட்டார்கள். இயந்திரம் பாகம் பாகமாகக் கழற்றப்பட்டு, நியூ மெக்சிகோ மாநிலத்தில் லாஸ் அலமோஸ் என்ற மேட்டுநிலத்தில் போய் இறங்கியது. அங்கே நடந்துகொண்டிருந்தது அணுகுண்டு வேலை.

கேட்டு வந்தவர்களில் ஒருவர் ராபர்ட் வில்சன். முப்பதைத் தொடாத இயற்பியல்காரர். மருத்துவத்துக்கு என்று சொன்னது பச்சைப் பொய். மூன்றே ஆண்டுகளில் அதே வில்சன் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரை அந்தப் பொய்யை மெய்யாக்கிவிட்டது. மூளைக்கட்டிக்குப் புரோட்டான் கதிர் வைக்கும் வைத்தியத்தின் பிறந்த கதையை எல்லோரும் அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குவார்கள். எனக்கென்னவோ இன்னும் நாற்பது ஆண்டு பின்னால் போக வேண்டும் என்று படுகிறது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் வில்லியம் ஹென்றி பிராக் என்றொரு பேராசிரியர் இருந்தார். இருபத்து மூன்று வயதில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். நாற்பதைத் தாண்டும் வரை பேர் சொல்லும்படி ஆராய்ச்சி எதையும் அவர் செய்யவில்லை. 1904 தொடக்கத்தில் நியூசிலாந்தின் டனீடின் நகரில் ஓர் அறிவியல் கூட்டத்தில் உரையாற்ற வேண்டி வந்தது. அதற்காகக் கதிரியக்கம் பற்றி அப்போது வெளிவந்திருந்தவற்றையெல்லாம் எடுத்து வைத்துப் படித்தார். படித்ததில் ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. ரேடியத்திலிருந்து பாயும் ஆல்ஃபா துகள் காற்றில் எவ்வளவு தூரம் போகும்? கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறையுமா, அல்லது ஓரிடத்தில் சட்டென்று நிற்குமா?

உதவியாளர் ரிச்சர்ட் கிளீமனுடன் சேர்ந்து அளந்து பார்த்தார். துகள் நிற்கிறது. அதுவும் குறிப்பிட்ட தூரத்தில் நிற்கிறது. அதைவிட விசித்திரம், நிற்கப் போகும் இடத்துக்குச் சற்று முன்னால்தான் அது தன் ஆற்றலில் பெரும்பங்கைக் கொட்டுகிறது.

இது ஏன் என்று புரிந்துகொள்ள எந்த ஊர்க் கடைத்தெருவும் போதும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் வழியில் எந்தக் கடையிலும் காசு செலவழிக்க மாட்டான். நடை தளர்ந்தவன் கடைக்குக் கடை நிற்பான், விலை கேட்பான், மடியை அவிழ்ப்பான். மின்னேற்றம் கொண்ட துகளும் அப்படித்தான். வேகமாகப் போகும்போது வழியிலுள்ள அணுக்களின் எலக்ட்ரான்களைத் தட்டிப் பறிக்க அதற்கு நேரமில்லை. வேகம் குறையக் குறையத் தட்டுவது கூடும், தட்டத் தட்ட வேகம் இன்னும் குறையும். கடைசிச் சில மில்லிமீட்டரில் பை மொத்தமும் காலி. அதற்கப்பால் அந்தத் தெருவில் அவன் கிடையாது. ஆற்றலை வரைபடமாகப் போட்டால் சமதரையாக வந்து, கடைசியில் கோபுரம்போல் எழுந்து, செங்குத்தாக விழும். அந்தக் கோபுரத்துக்குப் பிராக் முகடு என்று பெயர்.

பிராக்குக்கு 1915-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்காக அல்ல, எக்ஸ்ரேயைக் கொண்டு படிகங்களின் உள்ளமைப்பைக் கண்டதற்காக, மகனோடு சேர்த்து. முகடு பாடப்புத்தகத்தில் ஒரு வரைபடமாகத் தங்கிவிட்டது.

எக்ஸ்ரேக்கு நிற்கத் தெரியாது. நம் பக்கத்தில் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை என்றால் இன்னும் 'கரண்டு வைக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கரண்டு பெரும்பாலும் உயர் ஆற்றல் எக்ஸ்ரே. தோலுக்குச் சற்று உள்ளே அதன் வீரியம் உச்சத்தில் இருக்கும், பிறகு போகப் போகக் குறையும், ஆனால் மறுபக்கம் வழியாக வெளியேறும் வரை ஓயாது. கட்டி நடுவில் இருந்தால் முன்னால் இருப்பதும் சுடப்படும், பின்னால் இருப்பதும் சுடப்படும். இதைச் சமாளிக்கத்தான் பல திசைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, கட்டியில் மட்டும் எல்லாம் சேரும்படி செய்கிறார்கள். இன்றைய எக்ஸ்ரே இயந்திரங்கள் இதில் கெட்டிக்காரத்தனம் மிக்கவை. அவற்றைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் எத்தனை திசையாகப் பிரித்தாலும் உள்ளே போனது வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

ஆல்ஃபா துகளோ ஒரு காகிதத்தைத் தாண்டாது. உடம்புக்குள் ஆழமாகப் போக வேண்டுமானால் வேறு துகளும், அதை விரட்ட ஓர் இயந்திரமும் வேண்டும். துகள், ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைக் கழற்றிவிட்டால் மிஞ்சும் புரோட்டான். இயந்திரத்தைக் கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் எர்னஸ்ட் லாரன்ஸ் செய்தார். 1930-31-இல் உருவான முதல் சைக்ளோட்ரான் உள்ளங்கையில் அடங்கும். காந்தத்துக்கு நடுவே துகளைச் சுற்றவிட்டு, ஒவ்வொரு அரைச்சுற்றிலும் மின்சாரத்தால் ஒரு தள்ளு தள்ளுவது. ராட்டினத்தைத் தள்ளுகிறவன் செய்வதும் அதுதான்.

லாரன்ஸின் தம்பி ஜான் ஒரு டாக்டர். 1937-இல் இவர்களுடைய தாயாருக்கு அறுவை செய்ய முடியாத புற்றுநோய் என்றும், சில மாதங்களே இருப்பார் என்றும் சொன்னார்கள். பிள்ளைகள் அவரை சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்து வந்து, பத்து லட்சம் வோல்ட் எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்தியம் பார்த்தார்கள். அம்மா பல்லாண்டு வாழ்ந்தார். இயற்பியல் கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே அங்கே கதவு திறந்தே இருந்ததற்கு இந்த வீட்டுக் கதையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கதவு வழியாக முதலில் உள்ளே போனது புரோட்டான் அல்ல, நியூட்ரான். 1938 முதல் ராபர்ட் ஸ்டோன் என்ற டாக்டர் பெர்க்கிலி சைக்ளோட்ரானின் நியூட்ரான் கதிரைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தார். கட்டி கரைந்தது. ஆனால் பிழைத்தவர்களின் நல்ல தசையும் தோலும் ஆண்டுக்கணக்கில் கெட்டுக்கொண்டே வந்தன. 1948-இல் ஸ்டோனே இது வேண்டாம் என்று எழுதி முடித்தார். நியூட்ரானின் அடி நல்ல திசுவில் அவர்கள் கணக்கிட்டதைவிடப் பலமாக விழுந்திருந்தது. அதற்கும் நிற்கத் தெரியவில்லை.

இப்போது வில்சனிடம் திரும்புவோம். இவர் லாரன்ஸின் மாணவர். லாஸ் அலமோஸில் அந்த ஹார்வர்டு இயந்திரத்தை ஓட்டிய குழுவுக்குத் தலைவர். ஜெர்மனியின் தோல்வி தெளிவானதும், இனி இந்தக் குண்டு எதற்கு என்று பேச அங்கேயே ஒரு கூட்டம் கூட்டியவர். வேலை நிற்கவில்லை. ஹிரோஷிமா நடந்தது.

போர் முடிந்ததும் ஹார்வர்டுக்கு வேறொரு சைக்ளோட்ரான் வேண்டியிருந்தது. பழையதைத்தான் எடுத்துப் போய்விட்டார்களே. அதை வடிவமைக்கும் பொறுப்பு வில்சனுக்கு வந்தது. 1946-இல் பெர்க்கிலியில் உட்கார்ந்து, இயந்திரத்தைச் சுற்றிப் பாதுகாப்புச் சுவர் எவ்வளவு கனமாக வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். புரோட்டான் எதற்குள் எவ்வளவு தூரம் புகும் என்பது அந்தக் கணக்கின் ஒரு பகுதி. கணக்கின் முடிவில் பிராக்கின் முகடு நின்றது. உடம்பு என்பது பெரும்பாலும் தண்ணீர்தானே என்று தோன்றியிருக்கிறது. சுவரைத் துளைக்காமல் தடுப்பது எப்படி என்ற கேள்வி, உடம்புக்குள் சரியான இடத்தில் நிறுத்துவது எப்படி என்று புரண்டுகொண்டது.

'ரேடியாலஜி' என்ற மருத்துவ இதழில் இந்த யோசனை கட்டுரையாக அந்த ஆண்டே வெளியாயிற்று. புரோட்டானின் ஆற்றலைக் கூட்டிக் குறைத்தால் முகடு எங்கே விழ வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம் என்றார். முகடு மிக ஒல்லியானது, கட்டியோ பருத்தது. அதனால் கனம் மாறிக்கொண்டே போகும் சக்கரம் ஒன்றைக் கதிரின் குறுக்கே சுழலவிட்டு முகட்டை அகலமாக்கலாம் என்று வழியும் சொன்னார். நெடுங்காலம் ஆஸ்பத்திரிகளில் சுழன்றது அந்தச் சக்கரம்தான். குண்டு செய்ததற்கு ஒரு சிறு பிராயச்சித்தமாகவும் இதைக் கருதியிருக்கலாம் என்று பிற்காலத்தில் அவர் சொன்னதுண்டு. அதை எழுதிவிட்டு அவர் துகள் இயற்பியலுக்கே திரும்பிவிட்டார். ஒரு நோயாளிக்குக்கூட அவர் கையால் கதிர் வைக்கவில்லை.

1954-இல் பெர்க்கிலியில் முதல் மனிதருக்குப் புரோட்டான் கொடுக்கப்பட்டது. ஜான் லாரன்ஸும் கார்னீலியஸ் டோபையஸும் செய்தார்கள். மார்பகப் புற்று பரவிய பெண்களுக்கு, ஹார்மோன் சுரப்பை நிறுத்துவதற்காக மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைச் சுட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், முகட்டை அவர்கள் பயன்படுத்தவே இல்லை. 34 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் புரோட்டானைத் தலையின் ஒரு பக்கம் செலுத்தி மறுபக்கம் வெளியேறவிட்டார்கள். நிற்கத் தெரிந்த கதிரை நிற்காமல் ஓடவிட்டார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. குறிப்பிட்ட ஆழத்தில் நிற்கும் கதிர் வேண்டுமானால், கட்டி எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 1954-இல் மண்டையோட்டுக்குள் பார்க்க யாருக்கும் கண் இல்லை. எலும்பு எக்ஸ்ரேயில் தெரியும், மூளை தெரியாது. பிட்யூட்டரி மட்டும் எலும்புக் குழி ஒன்றில் உட்கார்ந்திருப்பதால் அதன் இருப்பிடத்தை ஊகிக்க முடிந்தது. ஊகத்தில் ஒரு சென்டிமீட்டர் தவறினால், ஊடுருவிப் போகும் கதிர் கொஞ்சம் கெடுக்கும். நிற்கும் கதிர் தன் முழு வீரியத்தையும் நல்ல மூளையில் கொட்டிவிடும். துல்லியம் என்பது குருட்டுக் கையில் ஆபத்து.

1957-இல் சுவீடனின் உப்சாலாவிலும் புரோட்டான் வைத்தியம் தொடங்கினார்கள். அங்கே புரோட்டான் கதிரைக் கத்தியாக்கி மூளைக்குள் அறுவை செய்ய முயன்ற லார்ஸ் லெக்செல், சைக்ளோட்ரான் ஒரு மருத்துவருக்குத் தாங்காத சுமை என்று முடிவுகட்டி, கோபால்ட் உமிழும் காமா கதிருக்கு மாறி, 1968-இல் காமா கத்தியை உருவாக்கினார். அது தனிக் கதை.

கதையின் நடுப்பகுதி முழுக்க ஹார்வர்டுக்குத்தான் சேரும். வில்சன் திட்டமிட்ட சைக்ளோட்ரான் 1949-இல் ஓடத் தொடங்கி, பிறகு 16 கோடி எலக்ட்ரான் வோல்ட்டாக உயர்த்தப்பட்டிருந்தது. அந்த ஆற்றலில் புரோட்டான் உடம்புக்குள் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் போகும். வயிற்றின் ஆழத்துக்கு அது போதாது, தலைக்குத் தாராளம். புரோட்டான் வைத்தியம் மூளையில் காலூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து ரேமண்ட் கெல்பெர்க் என்ற மூளை அறுவை மருத்துவர் ஆற்றைக் கடந்து நோயாளிகளை இயற்பியல் கூடத்துக்கு அழைத்து வந்தார். 1961-இல் தொடங்கினார். மண்டையோட்டுக்குள் இருக்கும் கட்டிகளுக்குப் பிராக் முகட்டைப் பயன்படுத்துவது பற்றி அவரும் கூட்டாளிகளும் அடுத்த ஆண்டே எழுதினார்கள்.

அது ஆஸ்பத்திரியே அல்ல. கதிர் அசையாது, சுவரிலிருந்து நேராக ஒரே திசையில் வரும். ஆளைத்தான் அதற்கேற்றபடி உட்காரவைக்க வேண்டும். கடற்படையின் பணத்தில் ஓடிய இயந்திரத்துக்கு 1960-களின் கடைசியில் அந்தப் பணமும் நின்றது. ஆண்ட்ரியாஸ் கோலர் என்ற இயற்பியலாளர் பிடிவாதமாக அதை ஓட்டிக்கொண்டிருந்தார். இந்தக் கதையில் நோபல் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்; கோலர் போன்றவர் இல்லாவிட்டால் அவர்கள் கண்டதெல்லாம் புத்தகத்தில்தான் இருந்திருக்கும். 2002-இல் நிறுத்தும் வரை அந்த ஒரே இயந்திரத்தில் 9,116 பேர் சிகிச்சை பெற்றார்கள்.

கண் கிடைத்தது 1971 அக்டோபரில். லண்டனின் ஒரு மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி ஸ்கேன் முதன்முதலாக ஒரு பெண்ணின் மூளையைப் படம் பிடித்தது. அந்தப் படத்தில் கட்டி தெரிந்தது. புரோட்டான்காரர்களுக்கு அதைவிட முக்கியமான ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு புள்ளியிலும் திசு எவ்வளவு அடர்த்தி என்ற கணக்கு. எலும்பில் ஒரு சென்டிமீட்டர், காற்றறையில் இரண்டு, மூளையில் நான்கு என்று கூட்டிக் கழித்தால் புரோட்டான் எங்கே நிற்கும் என்று சொல்லிவிடலாம். ஹார்வர்டில் மைக்கேல் கோய்ட்டீன் இந்தக் கணக்கை முப்பரிமாணத்தில் போடக் கற்றார். அதற்குப் பிறகுதான் மண்டையோட்டின் அடியில், மூளைத்தண்டையும் பார்வை நரம்பையும் ஒட்டிக்கொண்டு வளரும் கார்டோமா போன்ற கட்டிகளைத் துணிந்து தொட முடிந்தது. எக்ஸ்ரேயால் அங்கே போதிய அளவு கொடுத்தால் பார்வை போய்விடும்.

இன்றும் அந்தக் கணக்கு நூற்றுக்கு நூறு அல்ல. சில மில்லிமீட்டர் பிசகலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுகிறார்கள். மூக்கை ஒட்டிய காற்றறைகளில் சளி நிறைந்தால்கூட அந்த வழியாகப் போகும் கதிரின் தூரம் மாறும்.

1990-இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில், ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்ற டாக்டரின் முயற்சியால், ஆழமான கட்டிகளையும் எட்டக்கூடிய புரோட்டான் இயந்திரம் முதன்முறையாக ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நிறுவப்பட்டது. நோயாளியைச் சுற்றிக் கதிர்க்குழாயே சுழலும் ஏற்பாடு; மூன்று மாடி உயரம். அந்த இயந்திரத்தைச் செய்து கொடுத்தது சிகாகோவுக்கு அருகிலுள்ள ஃபெர்மி ஆய்வகம். அந்த ஆய்வகத்தை நிறுவி, முதல் இயக்குநராக இருந்தவர் ராபர்ட் வில்சன். கட்டுரை எழுதி நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் 2000-இல் காலமானார்.

இங்கே கதையை முடித்தால் அழகாக இருக்கும், ஆனால் நேர்மையாக இருக்காது. மூளைக்கட்டி என்றவுடன் வீட்டார் நடுங்குவது கிளியோபிளாஸ்டோமா என்ற பெயருக்கு. பெரியவர்களுக்கு வரும் மூளைக்கட்டிகளில் அதிக மூர்க்கமானது. அறுவை, எக்ஸ்ரே, டெமோசோலமைடு மாத்திரை மூன்றும் சேர்ந்து கொடுக்கும் ஆயுளின் நடுக்கணக்கு, 2005-இல் வெளியான பெரிய ஆய்வில், 14.6 மாதம்; அதாவது பாதிப் பேர் அதற்கு மேல் இருப்பதில்லை. இங்கே புரோட்டான் அற்புதம் செய்யும் என்று பலரும் நம்பினார்கள்.

ஹார்வர்டு குழு செய்தே பார்த்தது. வழக்கமாகக் கொடுப்பது 60 கிரே; உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு அது. புரோட்டானைச் சேர்த்து அதை 90 வரை ஏற்றி 23 பேருக்குக் கொடுத்தார்கள். 1999-இல் முடிவு வந்தது. 90 பாய்ந்த இடத்துக்குள் கட்டி மறுபடி முளைத்தது ஒரே ஒருவருக்குத்தான். ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே, 60, 70 பாய்ந்த இடங்களில் மறுபடி வந்தது. ஆயுளின் நடுக்கணக்கு 20 மாதம். அதிகக் கதிரால் செத்த மூளைத் திசுவை அறுத்தெடுக்க வேண்டிய நிலையும் பலருக்கு வந்தது.

வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது புரியும். மேலே பிடுங்கிவிட்டு நிமிர்வதற்குள், கிழங்கு மண்ணுக்கடியில் நாலு முழம் தள்ளிப் போயிருக்கும். கிளியோபிளாஸ்டோமாவின் செல்கள் ஸ்கேனில் தெரியும் ஓரத்தைத் தாண்டி நல்ல மூளைக்குள் ஊர்ந்து போயிருக்கும். புரோட்டானின் பெருமை கூரான ஓரம். இந்த நோய்க்கோ ஓரமே கிடையாது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு எக்ஸ்ரே, மறு சாராருக்குப் புரோட்டான் கொடுத்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். நினைவும் சிந்தனையும் மங்கத் தொடங்கும் காலத்தில் இருவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. உடற்சோர்வு மட்டும் புரோட்டான் பெற்றவர்களுக்குக் குறைவாக இருந்தது.

இதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. புரோட்டான் என்றால் கூடுதல் பலமான மருந்து என்று நினைக்கிறார்கள். கட்டியைக் கொல்லும் திறனில் அது எக்ஸ்ரேயைவிடப் பத்து சதவீதம்தான் கூடுதல் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்தப் பத்தையும் கழித்துவிட்டுத்தான் அளவு கொடுக்கிறார்கள். அதன் மதிப்பு கட்டியில் இல்லை, கட்டிக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

அதனால்தான் குழந்தைகளிடம் அது வேறு முகம் காட்டுகிறது. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டி சிறுமூளையில் வரும், குழந்தைகளைப் பிடிக்கும், மூர்க்கத்தில் குறைந்ததல்ல. மூளையைச் சுற்றியுள்ள நீர் வழியாக முதுகுத்தண்டுக்கு இறங்கும் என்பதால் தலை முழுக்க, முதுகு முழுக்கக் கதிர் வைக்க வேண்டும். எக்ஸ்ரேயை முதுகிலிருந்து செலுத்தினால் தைராய்டு, இதயம், குடல், பெண் குழந்தையென்றால் கருப்பை வரை தொட்டுவிட்டு முன்பக்கமாக வெளியேறும். அந்தக் குழந்தை பெரும்பாலும் பிழைத்துவிடும். பிழைத்து, இன்னும் அறுபது ஆண்டு அந்த இதயத்தோடு வாழ வேண்டும். புரோட்டான் முதுகெலும்பிலேயே நின்றுவிடும். பாஸ்டனில் 59 பேருக்கு, பெரும்பாலும் குழந்தைகள், இப்படிச் செய்து 2016-இல் முடிவைச் சொன்னார்கள். ஐந்தாண்டு கடந்தும் உயிரோடிருந்தவர்கள் 83 சதவீதம். எக்ஸ்ரேயில் கிடைப்பதற்குச் சமம். இதயம், நுரையீரல், குடல் சார்ந்த பிற்காலத் தொல்லை ஒருவருக்கும் வரவில்லை. காது கேட்பது சிலருக்குக் குறைந்தது, கற்கும் வேகமும் கொஞ்சம் இறங்கியது. தலைக்குள் முழுக்கக் கதிர் பாய்ந்தால் அதைத் தவிர்ப்பதற்கில்லை.

சென்னைத் தரமணியில் அப்போலோ புரோட்டான் மையம் 2019 ஜனவரியில் திறந்தது. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் அதுவே முதல். மூன்று சிகிச்சை அறைகள். இங்கே சக்கரம் சுழல்வதில்லை. பென்சில் முனைபோல் மெல்லிய கதிர், கோலப்புள்ளி வைப்பதுபோல் கட்டியைப் புள்ளி புள்ளியாக, அடுக்கடுக்காக நிரப்புகிறது. சுவிட்சர்லாந்தில் 1996 முதல் நோயாளிகளுக்குப் பயன்பட்டு வளர்ந்த முறை அது. 2023-இல் நவி மும்பையின் கார்கரில் டாடா நினைவு மையமும் தொடங்கியது. செலவு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு. நிலத்தை விற்றும் கடன்பட்டும் வருகிறவர்கள் உண்டு என்பதால் கடைசியாக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது புரோட்டான் வைக்கலாம் என்று சொன்னால், அதே ஸ்கேனில் எக்ஸ்ரே திட்டம் ஒன்றும் புரோட்டான் திட்டம் ஒன்றும் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கட்டியைச் சுற்றிய நிறத்தைப் பார்க்காதீர்கள். இரண்டிலும் அது ஒன்றுபோலத்தான் இருக்கும். கட்டிக்குப் பின்னால் என்ன உறுப்பு இருக்கிறது, எக்ஸ்ரே அதற்கு எத்தனை கிரே கொடுக்கிறது, அது மிச்சமானால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேளுங்கள். குழந்தையென்றால் பெரும்பாலும் பதில் பலமாக இருக்கும். கிளியோபிளாஸ்டோமா என்றால் பதிலை முழுக்கக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு பத்திரத்தை எடுங்கள்.